மூன்றாவது புள்ளி எங்கே?

எட்டு சிவாலயங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். வடக்கே கேதார்நாத், தெற்கே ராமேஸ்வரம், இடையில் காலேஸ்வரம், காளத்தி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், திருவானைக்கா. எல்லாம் 79 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டில் அமைந்தவையாம். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் நம் முன்னோர் இதை எப்படி அளந்தார்கள் என்ற கேள்வியோடு செய்தி முடியும். கீழே கைகூப்பும் சின்னம் ஒன்று. பல ஆண்டுகளாக வாட்ஸப் குழுக்களில் இது வலம்வருகிறது. வருடத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு வந்து சேர்கிறது.

சில மாதங்களுக்கு முன் மதுரையில் மாசி வீதி ஒன்றின் மாடியறையில் நடந்த இலக்கியக் கூடுகையில், நான் பெரிதும் மதிக்கும் மூத்த தமிழாசிரியர் ஒருவர் இதையே மேடையில் வாசித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் எழுந்து, "ஐயா, இதை யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க தமிழ்த்துறைதானே? கணக்கு வாத்தியார் வேலை நமக்கெதுக்கு?" என்றார். அறை முழுவதும் சிரித்தது. மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை. செய்தி தவறு என்பது சிறிய விஷயம். கணக்கு அறியாமையை நாம் ஓர் அணிகலன்போல் அணிந்துகொள்கிறோம் என்பது பெரிய விஷயம். "எனக்குக் கணக்கு வராது, அதனால் தமிழ் எடுத்தேன்" என்று சொல்லாத தமிழ்ப் பேராசிரியரை நான் பார்த்ததில்லை. நானும் சொல்லியிருக்கிறேன், மேடையிலேயே, கைதட்டல் வாங்கியிருக்கிறேன். தமிழ்நாட்டில் கணக்கு வராது என்று சொன்னால் கவிஞன் ஆகிவிடலாம். ஆனால் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகச் சொன்ன 392ஆம் குறளில் வள்ளுவர் எண்ணைத்தான் முதலில் வைக்கிறார். காரிநாயனாரின் கணக்கதிகாரம் நெல்லையும் நிலத்தையும் பொன்னையும் அளக்கும் கணக்கைச் செய்யுளில் சொன்ன நூல். அந்நூலின் பெயரைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களில் எத்தனை பேர் அதில் ஒரு கணக்கையாவது போட்டுப் பார்த்திருப்பார்கள்?

சரி, கணக்குக்கு வருவோம். இதற்குப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பாடநூலின் ஆயத்தொலை வடிவியலில் இரு புள்ளிகள் வழிச் செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாடு என்றொரு பகுதி உண்டு. மதிப்பெண் பயத்தில் நாம் எல்லோரும் ஒருமுறை மனப்பாடம் செய்து மறந்தது. அதன் உள்ளடக்கத்தைச் சொற்களில் சொல்லிவிடலாம். ஒரு நேர்க்கோட்டில் நடக்கும்போது, பக்கவாட்டில் நகர்ந்த அளவுக்கும் மேல்நோக்கி நகர்ந்த அளவுக்கும் இடையிலான விகிதம் எங்கும் மாறாது. இரண்டு புள்ளிகள் தெரிந்தால் அந்த விகிதம் தெரிந்துவிடும். விகிதம் தெரிந்தால் கோட்டில் உள்ள மற்ற எல்லாப் புள்ளிகளும் தெரிந்துவிடும்.

இரு புள்ளிகளாகச் செய்தியின் இரு முனைகளையே எடுத்துக்கொள்கிறேன். ராமேஸ்வரம் தீர்க்கம் 79.32, அட்சம் 9.29. கேதார்நாத் தீர்க்கம் 79.07, அட்சம் 30.74. தெற்கிலிருந்து வடக்கே போக 21.45 பாகை ஏறுகிறோம். அதற்குள் மேற்கே 0.25 பாகை விலகுகிறோம். ஒன்றை மற்றதால் வகுத்தால், ஒரு பாகை வடக்கே ஏறுவதற்கு 0.0117 பாகை மேற்கே. இவ்வளவுதான் சமன்பாடு: தீர்க்கம் = 79.32 − 0.0117 × (அட்சம் − 9.29).

இப்போது நடுவில் உள்ள ஆறு கோயில்களையும் ஒவ்வொன்றாக இதில் இட்டுப் பார்க்கலாம். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் அட்சம் 12.85. கோடு அங்கே 79.28இல் செல்ல வேண்டும். கோயில் இருப்பதோ 79.70இல். வித்தியாசம் சுமார் 46 கி.மீ., கிழக்கே. காளத்தியும் ஏறத்தாழ அதே அளவு கிழக்கே, சிதம்பரம் 44 கி.மீ. கிழக்கே. திருவண்ணாமலை எதிர்ப்பக்கம், சுமார் 23 கி.மீ. மேற்கே. திருவானைக்கா 65 கி.மீ. மேற்கே. கோதாவரிக் கரையிலிருக்கும் காலேஸ்வரம் 74 கி.மீ. கிழக்கே. ஆறு கோயில்களில் ஒன்றுகூடக் கோட்டில் இல்லை.

"ஏறக்குறைய நேர்க்கோடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்பார்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனைக்காவிலிருந்து காலேஸ்வரம்வரை எல்லாவற்றையும் உள்ளடக்க இந்தக் கோடு 139 கி.மீ. அகலம் இருக்க வேண்டும். மதுரையில் ஏறித் திருச்சியில் இறங்கினால் சாலையில் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். அகலம் இல்லாத நீளம் என்று யூக்ளிட் கோட்டுக்கு இலக்கணம் சொன்னார். நாம் கண்டுபிடித்த கோட்டின் அகலத்தைக் கடக்கப் பேருந்தில் மூன்று மணி நேரமாவது ஆகும்.

பூமி உருண்டை, வரைபடத் தாள் கணக்கு அதற்குப் பொருந்தாது என்று விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கோடு ஒரு தீர்க்கக்கோட்டை ஒட்டியே செல்கிறது. தீர்க்கக்கோடோ உருண்டையின்மேல் வரையக்கூடிய மிக நேரான கோடுகளில் ஒன்று. உருண்டைக் கணக்கைப் போட்டாலும் கோடு ஒரு கி.மீ.க்குள்தான் இடம்மாறும். காணாமல்போன 74 கி.மீ. அதில் கிடைக்காது.

இங்கே எதிர்த்தரப்புக்கு நான் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். காளத்தி, காஞ்சி, சிதம்பரம் மூன்றும் உண்மையிலேயே ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில் இருக்கின்றன. 79.70ஐ ஒட்டி, வடக்கு தெற்காக 260 கி.மீ. நீளத்தில், ஒரு கி.மீ.க்கும் குறைவான விலகலில். முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. இந்தக் கோட்டுக்குச் சாய்வு கூடக் கிடையாது. பக்கவாட்டு நகர்வு சுழி, சுழியால் வகுக்க முடியாது என்பதால் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று பாடநூல் சொல்லும். தீர்க்கம் = 79.70, அதுவே சமன்பாடு.

ஆனால் பஞ்சபூதத் தலங்கள் மூன்று அல்ல, ஐந்து. இதே சமன்பாட்டில் அண்ணாமலையை இட்டால் சுமார் 68 கி.மீ. விலகுகிறது. ஆனைக்கா 108 கி.மீ. விலகுகிறது. நிலம், ஆகாயம், காற்று ஆகியவற்றைக் கோட்டில் வைத்த முன்னோர், நெருப்பையும் நீரையும் ஏன் கைவிட்டார்கள்? இதற்குச் செய்தியில் பதில் இல்லை. பொருந்துபவற்றைப் பொறுக்கிக்கொண்டு பொருந்தாதவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது மட்டுமே இருக்கிறது. பாடல் பெற்ற தலங்கள் 276 என்று கொண்டால், அவற்றிலிருந்து மூன்று மூன்றாகத் தேர்ந்தெடுக்க 34,66,100 வழிகள் உண்டு. அத்தனை மூன்றுகளில் ஒருசிலவாவது கோட்டில் விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

யூக்ளிடின் முதல் எடுகோளே இதுதான்: எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் ஒரு கோடு வரையலாம். எந்த இரண்டுக்கும். என் வீட்டுக் கிணற்றுக்கும் கேதார்நாத்துக்கும் நடுவிலும் வரையலாம். ஆகவே இரண்டு புள்ளிகள் ஒரு கோட்டில் இருக்கின்றன என்பது எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. மூன்றாவது புள்ளியில்தான் கோடு தேர்வுக்கு உட்காருகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வித்து இரண்டு புள்ளி கொடுத்து விடை வாங்கும் நம் கணித வகுப்புகளில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்பவர்கள் அரிது. முன்வரிசையில் சிரித்த அந்தக் கணித ஆசிரியரிடம் எனக்கு இருக்கும் வருத்தம் இது. கருவி அவர் கையிலேயே இருந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தவர் அவர். எதற்கென்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

முன்னோரை இழிவுபடுத்துகிறேன் என்ற குற்றச்சாட்டும் வந்தது. நான் சொல்வது நேர் எதிரானது. இந்திய வானியலாளர்களுக்குத் தங்கள் சொந்த முதன்மைத் தீர்க்கக்கோடு இருந்தது. அது உஜ்ஜயினி வழியாகச் சென்றது. ஆரியபடர் உஜ்ஜயினியை இலங்கைக்கு நேர் வடக்கே வைத்துப் பேசுகிறார். அந்த இலங்கை நிலநடுக்கோட்டில் அவர்கள் கற்பித்துக்கொண்ட ஓரிடம். பிற ஊர்களுக்குக் கணக்கிடும்போது இந்தக் கோட்டிலிருந்து கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் என்று திருத்தம் செய்வார்கள். அதற்குத் தேசாந்தரம் என்று பெயர். உஜ்ஜயினியின் தீர்க்கம் 75.8ஐ ஒட்டியது. 79 அல்ல. முன்னோர் உண்மையிலேயே உருவாக்கிய கோட்டை மறந்துவிட்டு, அவர்கள் வரையாத ஒன்றுக்குக் கைதட்டுவது அவர்களைப் போற்றுவது ஆகுமா?

கோயிலும் நேர்க்கோடும் உண்மையில் சந்தித்துக்கொண்ட கதை ஒன்று நம் ஊரில் உண்டு. அதை எந்த வாட்ஸப் செய்தியும் சொல்வதில்லை. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். பிறகு அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாவது புள்ளி ஒன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தார். ஒரு முக்கோணம், அதன் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், இப்படியே தெற்கு நோக்கி. காவிரிச் சமவெளியில் ஏறிப் பார்க்க மலை கிடையாது. ஆகவே கோயில்களின் உச்சிக்கே கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதிச் சிதைந்தது. பல வாரங்கள் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சீர்செய்தார் அந்த மனிதர். இவ்வளவுக்குப் பிறகும் அளவைக்காரர்கள் தங்கள் கணக்கை அப்படியே நம்பிவிடுவதில்லை. நெடுந்தொலைவில் மறுபடியும் ஓர் அடிக்கோட்டைத் தரையிலேயே நேரடியாக அளந்து, கணக்கு சொன்ன நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். காலனிய அரசு வரிக்காகவும் படைக்காகவும் செய்த வேலை அது, மறுக்கவில்லை. ஆனால் சரிபார்க்கும் அந்த ஒழுக்கத்தின்மீது எனக்குப் பொறாமை உண்டு.

கூடுகைக்குப் பிறகு என் பொதுத்தமிழ் வகுப்பில் இதை ஒரு மணி நேரம் செய்து பார்த்தேன். பாடத்திட்டத்தில் இல்லைதான். திருப்பரங்குன்றம், மீனாட்சியம்மன் கோயில், அழகர்கோயில் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று கேட்டேன். பாதி வகுப்பு "ஆமா ஐயா" என்றது. வரைபடத்தில் தென்மேற்கே ஒன்று, நடுவில் ஒன்று, வடகிழக்கே ஒன்று. கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். பரங்குன்றம் 78.07, 9.88, மீனாட்சி 78.12, 9.92. பக்கவாட்டில் 0.05, மேல்நோக்கி 0.04, ஆகவே சாய்வு 0.8. அழகர்கோயிலின் அட்சம் 10.07. சமன்பாட்டில் இட்டால் தீர்க்கம் 78.31 வருகிறது; கோயில் இருப்பது 78.21இல். பத்து கி.மீ.க்கு மேல் பிசகுகிறது. கோடு போய்ச் சேரும் இடம் மேலூருக்குச் சில கி.மீ. தொலைவு. மேலூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "அப்ப அழகர் எங்க ஊருக்கே வந்துட்டாரா ஐயா?" என்றாள்.

அதோடு அவள் விடவில்லை. "ரெண்டு தசமம்தானே ஐயா எடுத்தீங்க, அது சரியா வருமா?" என்று கேட்டாள். கணிதத் துறை மாணவி. கரும்பலகைக்கு வந்து போட்டும் காட்டினாள். இரண்டாம் தசமத்துக்கு முழுமையாக்கும்போது ஒவ்வோர் எண்ணிலும் 0.005வரை பிழை நிற்கலாம். 0.04 என்பது 0.03 ஆகவும் இருக்கலாம், 0.05 ஆகவும் இருக்கலாம். கீழே உள்ள 0.05க்கும் அப்படியே. ஆக, சாய்வு 0.5இலிருந்து 1.25வரை எதுவாகவும் இருக்கலாம். 1.25 என்று வைத்தால் கோடு அழகர்கோயில் பக்கத்திலேயே போய்விடுகிறது! மூன்றாம் தசமம்வரை எடுத்து மறுபடி போட்டோம். சாய்வு 0.83, பிசகு ஏறத்தாழ பத்து கி.மீ. என் முடிவு தப்பியது. ஆனால் நான் அதை நிறுவிய விதம் தப்பு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை வைத்துத் தொலைதூரத்துக்குக் கோடு இழுத்தால், புள்ளியில் மயிரிழைப் பிழை கோட்டின் முனையில் ஊரையே மாற்றிவிடும். இதை ஒரு முதலாண்டு மாணவி எனக்குக் கற்பித்தாள்.

இலக்கிய வாசகர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று இந்நேரம் சிலர் முணுமுணுக்கக்கூடும். நண்பர்களே, தமிழ்த்துறைகளில் நாம் எழுதும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை இரு புள்ளிக் கோடுகள்தான். முதுகலையில் நான் எழுதியதையே சொல்கிறேன். புறநானூற்றிலிருந்து பாரதிவரை வீரம் என்ற கருத்தின் வளர்ச்சி. ஒரு முனையில் சில புறப்பாடல்கள், மறுமுனையில் பாரதியின் சில பாடல்கள், நடுவில் என் அளவுகோல். நல்ல மதிப்பெண் கிடைத்தது. இடையில் கலிங்கத்துப்பரணி இருந்தது. போர்க்களத்தில் பேய்கள் கூழ் அட்டு உண்ணும் அந்த நூல் என் கோட்டின் பக்கத்தில்கூட வராது. ஒரு பத்தியில் அதை "விதிவிலக்கு" என்று சொல்லிக் கடந்தேன். தேவாரம் இருந்தது, சித்தர்கள் இருந்தார்கள், கட்டபொம்மன் கதைப்பாடல் இருந்தது. எல்லாம் விதிவிலக்குகள். பொருந்தாதவை அனைத்தும் விதிவிலக்கு என்றால் விதி எங்கே இருக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

இதே பழக்கத்தோடுதான் கீழடிக்கும் போகிறோம். மதுரையிலிருந்து பன்னிரண்டு கி.மீ. தொலைவில், நம் கண்ணெதிரே எழுந்து வந்த ஊர் அது. கீழடி மாதிரிகளின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை செல்கிறது என்று 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அடுத்த வாரமே கீழடிப் பானைக் கீறல்களுக்கும் சிந்துவெளிக் குறியீடுகளுக்கும் இடையே நேர்க்கோடு வரைந்து கவிதைகள் வரத் தொடங்கிவிட்டன. அந்தத் தொடர்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒற்றுமைகளைத் துறையின் அறிக்கையே எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆனால் சிந்துவெளி நகரங்கள் கி.மு. 1900ஐ ஒட்டித் தளர்கின்றன. நடுவில் 1300 ஆண்டுகள். சிவகளையிலும் கொற்கையிலும் மயிலாடும்பாறையிலும் அகழ்ந்தவர்கள் தேடியது இடையிலுள்ள புள்ளிகளைத்தான். அவை கோட்டில் விழலாம், கோட்டையே வளைத்தும் விடலாம். அவர்கள் குழியில் இறங்கி மண்ணைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருக்கும்போது, நாம் மேடையில் அளவுகோலோடு நின்று கோட்டை முடித்துவிடுகிறோம். நம்மைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே காத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. உண்மையான பெருமைகள் உள்ளவர்கள் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அந்த மூத்த ஆசிரியர் பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். கணக்கை எழுதி அவருக்கு அனுப்பியிருந்தேன். பேரனை வைத்துப் போட்டுப் பார்த்தாராம். "தம்பி, நம்ம மதுரைக்கு அந்தக் கோட்டுல என்ன வருது?" என்றார். சொன்னேன்: சொக்கநாதர் சன்னிதி கோட்டிலிருந்து சுமார் 130 கி.மீ. மேற்கே இருக்கிறது, நம் அட்சத்தில் அந்தக் கோடு கோட்டைப்பட்டினத்துக்கு அப்பால், பாக் நீரிணைக் கடலில் போய்க்கொண்டிருக்கிறது. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "காளத்தி, காஞ்சி, சிதம்பரம் மூணை மட்டும் வச்சுக்கலாம்ல?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளலாம் ஐயா, அண்ணாமலையையும் ஆனைக்காவையும் என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இன்னும் சொல்லவில்லை.